நெத்தி லைட்டுக்கும் காவல் டார்ச்சுக்கும் 18650 செல் வாங்குவது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இரவில் வெளிச்சம் தேவைப்படாத தோட்டம் குறைவு. குண்டுமல்லி மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் விடியுமுன்பே நெத்தி லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தால், மோட்டார் போட்டு மடை மாற்றப் போக வேண்டும். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி பக்கம் கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில், தூரம் அடிக்கும் டார்ச் இல்லாமல் யானைக் காவலுக்குப் பரண் ஏற முடியாது. சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் இந்த விளக்குகளில் மிகப் பலவற்றின் வயிற்றில் இருப்பது 18650 என்ற லித்தியம் அயன் செல்.

லைட் மங்கினால் செல்லை மாற்றுகிறோம். மாற்றும்போது உறையில் எந்த எண் பெரிதாக இருக்கிறதோ அதை வாங்குகிறோம். இந்த ஒரு பழக்கத்தால்தான் பெரும்பாலான கோளாறு வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது ஆம்பியர். அடுத்தது செல் அசலா என்பது. எத்தனை எம்.ஏ.எச்., அதாவது செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கேள்வி அதற்கப்புறம்தான். நெத்தி லைட்டில் செல் பெட்டி பிடரியை ஒட்டி இருக்கிறது. அங்கே ஒரு செல் வெடித்தால் உதறிவிட நேரம் கிடைக்காது. அதனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

செல்லைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

18 என்பது விட்டம், 65 என்பது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். கடைசிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிக்கும். இதைவிடப் பருத்த 21700 செல், 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்டது. புது டார்ச்சுகளில் அதுவும் வருகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் திணிக்க முடியாது.

செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். முழுக்க ஏறினால் 4.2. இறங்கினால் 3 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சில செல்களைத் தயாரிப்பாளர் 2.5 வரை அனுமதிக்கிறார். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லுக்கு மறுபடி சார்ஜ் போடக் கூடாது. அந்த நிலையில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து, சார்ஜ் ஏறும்போது வேறிடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்கிறது. ‘செத்த செல்லை எழுப்பித் தருகிறேன்’ என்று நல்ல செல்லோடு ஒயர் கோர்த்து உசுப்பும் வழக்கம் கடைகளில் உண்டு. அப்படி எழுப்பிய செல்லை வாங்காதீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மேலே குமிழ் இருக்கும் முனை மட்டும்தான் பாசிட்டிவ். அடிப்பாகம், பக்கவாட்டு, மேல் விளிம்பு வரை உலோகக் கூடு முழுவதுமே நெகட்டிவ். குமிழுக்கும் கூட்டின் விளிம்புக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய வளையமும் பிளாஸ்டிக் உறையும்தான். மேல் விளிம்பில் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலே போதும். லைட்டின் ஸ்பிரிங்கோ தகடோ சாய்ந்து இரண்டையும் தொட்டால் ஷார்ட். கிழிந்த உறையோடு எந்தச் செல்லையும் பயன்படுத்த வேண்டாம். சுருங்கும் பிவிசி உறையும் காகித வளையமும் பேட்டரி பேக் கட்டும் கடைகளில் கிடைக்கும். பழைய உறையை உரித்து, வளையத்தைப் புதிதாக வைத்து, உறை மாட்டிச் சூடான காற்று காட்டினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றுவது சரிவராது. சூட்டில் பசை இளகி டேப் நழுவும், செல்லும் பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளும்.

ஆம்பியர் கணக்கு

எம்.ஏ.எச். என்பது தொட்டியின் கொள்ளளவு என்றால், ஆம்பியர் என்பது அதிலிருந்து வெளியேறும் குழாயின் அகலம். ஒவ்வொரு செல்லுக்கும், தொடர்ந்து இத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருக்கிறார். லைட் அதைவிட அதிகம் இழுத்தால் செல் சூடேறும், உள்ளே வாயு சேரும், குமிழுக்கு அடியில் உள்ள துளை வழியாகப் பீறிடும். அந்த வாயு தீப்பற்றக் கூடியது, நச்சும் கூட.

உங்கள் லைட் எவ்வளவு இழுக்கும் என்பதை இப்படிக் கணக்கிடலாம். லுமன் என்பது வெளிச்சத்தின் அளவு. நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லுமன் தரும். 1,000 லுமன் என்றால் 10 வாட். ஒற்றைச் செல் டார்ச்சில், செல் 3 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டில் 10 சதவீதம் சூடாக வீணாகிறது என்று வையுங்கள். 10 வாட்டை 3-ஆல் வகுத்து, வந்ததை 0.9-ஆல் வகுத்தால் 3.7 ஆம்பியர். அதே கணக்கில் 25 வாட் டார்ச் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

4.2 வோல்ட்டுக்குக் கணக்குப் போடாமல் 3 வோல்ட்டுக்குப் போடுவதற்குக் காரணம் உண்டு. கடைசி வரை வெளிச்சம் குறையாமல் எரியும் டார்ச்சில், டிரைவர் போர்டு வாட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கிறது. செல் இறங்க இறங்க, அதே வாட்டைத் தர அதிக ஆம்பியர் இழுக்கிறது. செல் களைத்திருக்கும் நேரத்தில்தான் சுமை உச்சம். சார்ஜ் குறையக் குறைய மங்கிக்கொண்டே வரும் சாதா லைட்டில் இது நேர்மாறாக இருக்கும். வந்த விடையின்மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டிச் செல்லைத் தேர்ந்தெடுங்கள். 9 வந்தால் 12 ஆம்பியருக்குக் குறையாத செல்.

உறையில் இரண்டு ஆம்பியர் எண்கள் போட்டிருந்தால் சிறிய எண்ணே உண்மைக்குப் பக்கம். பெரியது சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவு.

சந்தையில் பெயர் பெற்ற சில 18650 செல்களின் அளவு இது. சாம்சங் 35இ 3,500 எம்.ஏ.எச்., 8 ஆம்பியர். எல்ஜி எம்ஜே1 அதே 3,500, 10 ஆம்பியர். சாம்சங் 30கியூ 3,000, 15 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2 3,000, 20 ஆம்பியர். சாம்சங் 25ஆர் 2,500, 20 ஆம்பியர். தைவானின் மோலிசெல் பி28ஏ 2,800, 35 ஆம்பியர். சோனி பெயரில் வந்த விடிசி வரிசை, 2017-இல் அந்தத் தொழில் கைமாறியதிலிருந்து முராட்டா பெயரில் வருகிறது. இந்த எண்களை வரிசையாகப் பார்த்தாலே புரியும், 3,500 கொடுக்கும் செல்லால் 20 ஆம்பியர் தர முடிவதில்லை. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும்.

பூப்பறிக்கும் நெத்தி லைட்டுக்கு 2 அல்லது 3 வாட் போதும். அதற்கு 35இ போன்ற நிறையக் கொள்ளும் செல்லே பொருத்தம். பரண் டார்ச்சுக்கு 30கியூ அல்லது எச்ஜி2. இரண்டுக்கும் ஒரே செல் வாங்கி மாற்றி மாற்றிப் போட நினைத்தால், ஆம்பியர் அதிகமுள்ளதை வாங்குங்கள்.

இணையத்தில் 18650 பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் ஒரு பெரும்பகுதி மின்சிகரெட்டுக்காக எழுதப்பட்டது. அந்தக் கருவிக்கு இந்தியாவில் 2019 முதல் தடை. ஆனால் வாட்டிலிருந்து ஆம்பியர் காணும் கணக்கு அங்கும் இங்கும் ஒன்றேதான்.

பாதுகாப்பு போர்டு உள்ள செல், இல்லாத செல்

சில செல்களின் அடியில் காசு அளவில் ஒரு சிறு சர்க்யூட் போர்டு ஒட்டியிருக்கும். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலும், அளவுக்குக் கீழே இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் அது துண்டித்துவிடும். இவற்றின் நீளம் 65-இல் நிற்காது, 68 முதல் 70 மி.மீ. வரை வரும்.

ஓரளவு வாட் உள்ள நெத்தி லைட்டுக்கும், உள்ளே எந்தப் பாதுகாப்பும் இல்லாத மலிவு டார்ச்சுக்கும் போர்டு உள்ள செல்லே வேண்டும். ஆனால் 65 மி.மீ.க்கு அளவெடுத்த பெட்டியில் 69 மி.மீ. செல்லை அமுக்கி மாட்டினால், ஸ்பிரிங் அந்தப் போர்டையே நசுக்கும். வாங்குமுன் பெட்டியின் உள்நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

தூரம் அடிக்கும் டார்ச்சில் நிலைமை வேறு. போர்டு 5 அல்லது 6 ஆம்பியரில் துண்டிக்கும் வகையாக இருந்து, டார்ச் 9 இழுத்தால், முழு வெளிச்சம் போட்ட நொடியிலேயே லைட் சட்டென்று அணையும். யானை எதிரில் நிற்கும்போது இருட்டாகிவிடும் டார்ச் உயிருக்கு ஆபத்து. அதனால் பரண் டார்ச்சுக்கு, டார்ச்சிலேயே குறைந்த வோல்ட்டில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, போர்டு இல்லாத அதிக ஆம்பியர் செல்லைப் போடுங்கள். அல்லது போர்டு துண்டிக்கும் அளவு டார்ச் இழுப்பதைவிட அதிகமாக உள்ளதைத் தேடுங்கள். புதுச் செல் போட்டதும் வீட்டிலேயே முழு வெளிச்சத்தில் 5 நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள்.

பட்டன் டாப் (குமிழ் எழும்பியது), ஃபிளாட் டாப் (தட்டையானது) என இரண்டு தலை உண்டு. சில லைட்டுகளில் ஃபிளாட் டாப் எட்டாது. எட்டவில்லை என்று ஈயத்தைச் சொட்டவிட்டுக் குமிழ் செய்யக் கூடாது. சூட்டுக்கோல் படும் அந்த இடத்துக்கு நேர் கீழேதான் வாயு வெளியேறும் மூடி இருக்கிறது.

கடையில் எப்படிச் சோதிப்பது

ஓசூர்க்காரர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்குகிறார்கள். மற்றவர்கள் பேருந்து நிலையம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் இணையத்திலும் வாங்குகிறார்கள். எங்கே வாங்கினாலும் போலி கலந்தே இருக்கிறது. கைக்கடக்கமான ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும், அருகில் ஒரு மளிகைத் தராசும் இருந்தால் பாதிப் போலியைக் கடையிலேயே கழித்துவிடலாம்.

எண்ணைப் பாருங்கள். பெயர் பெற்ற 18650 செல்லின் அதிகபட்சக் கொள்ளளவு 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. 5,000, 9,900, 12,000 என்று அச்சடித்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். அப்படிப்பட்ட உறைக்குள் 1,000 கூட இல்லாத செல் இருப்பது சாதாரணம்.

எடை போடுங்கள். அசல் செல் 44 முதல் 49 கிராம் வரை இருக்கும். 40-க்குக் கீழே என்றால் ஒதுக்குங்கள். உள்ளே சிறு செல்லை வைத்துச் சுற்றிலும் பொடி அடைத்து விற்பதும் நடக்கிறது. எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் என்றாகிவிடாது. குறைந்தால் மட்டும் போலி என்பது உறுதி.

அடிப்பாகத்தைப் பாருங்கள். புதுச் செல்லின் அடி வழவழப்பாக இருக்கும். வெல்டிங் புள்ளிகளோ அவற்றைத் தேய்த்த கீறலோ தெரிந்தால், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்தோ ஸ்கூட்டர் பேக்கிலிருந்தோ பிரித்து, புது உறை மாட்டிய செல். பிரித்த செல் எல்லாமே குப்பை என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை முறை ஏறி இறங்கியது, எவ்வளவு சூடு பட்டது என்று யாராலும் சொல்ல முடியாத பொருளைத் தலையில் கட்டிக்கொள்ளக் கூடாது.

வோல்ட் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து செல் பாதிக்கும் குறைவான சார்ஜோடுதான் வரும். மீட்டரில் 3.4 முதல் 3.7 வரை காட்டினால் இயல்பு. 3-க்குக் கீழே காட்டினால் வேண்டாம். இரண்டு செல் வாங்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட் காட்ட வேண்டும்.

இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் செல்லிலோ பெட்டியிலோ இருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று தெரியும். எண் ஒரு நிறுவனத்துக்கும் உறை வேறு நிறுவனத்துக்கும் இருந்தால் வாங்காதீர்கள். உறையின் நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். பச்சை உறையும் இளஞ்சிவப்பு உறையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

செல் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பேக் கட்டுவோருக்காகத்தான் இவற்றைச் செய்கின்றன, சில்லறையாகத் தனிச் செல் விற்பதை அவை ஏற்பதில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2021-இல் தனி 18650 செல்களைப் பற்றி எச்சரித்தது. உங்கள் லைட்டின் தயாரிப்பாளரே போர்டு உள்ள செல்லை பில்லோடு விற்றால், கூடுதல் விலை கொடுத்தாலும் அதை வாங்குவது மேல்.

இரண்டு செல் போடும் லைட்

மலிவு நெத்தி லைட்டுகளின் பின்பெட்டியில் இரண்டு செல்கள் பக்கம் பக்கமாக இருக்கும். பெரும்பாலும் அவை இணையாக, பாசிட்டிவோடு பாசிட்டிவ் சேர்ந்திருக்கும். ஒன்று 4.2, மற்றொன்று 3.3 என்ற நிலையில் மாட்டினால், மாட்டிய நொடியில் நிறைந்த செல்லிலிருந்து காலிச் செல்லுக்குப் பெரிய மின்னோட்டம் பாயும். 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேர்க்க வேண்டாம். இரண்டையும் தனியே முழுக்கச் சார்ஜ் ஏற்றிப் பிறகு மாட்டுங்கள்.

ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் நீள டார்ச்சில் ஆபத்து வேறு மாதிரி. பலவீனமான செல் முதலில் தீர்ந்துபோகும். நல்ல செல் அதன் வழியாகத் தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ளி, அதன் பாசிட்டிவ், நெகட்டிவைத் தலைகீழாக்கும். ஆகவே இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கட்டும். உறையில் மார்க்கரால் ‘அ1’, ‘அ2’ என்று எழுதி, எப்போதும் ஜோடியாகவே பயன்படுத்தி, ஜோடியாகவே சார்ஜ் போடுங்கள். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுங்கள். மனம் வராதுதான், ஆனாலும் மாற்றுங்கள். மிஞ்சிய நல்ல செல்லை ஒற்றைச் செல் லைட்டில் போட்டுக்கொள்ளலாம்.

சார்ஜர்

நல்ல செல்லைக் கெடுப்பது பெரும்பாலும் சார்ஜர்தான். சுவரில் நேராகச் செருகும், சிவப்பு விளக்கு பச்சையாக மாறும் மலிவு சார்ஜர்களில் சில, பச்சை வந்த பிறகும் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். சோதனை எளிது. பச்சை வந்த பிறகு அரை மணி விட்டு, செல்லைக் கழற்றி உடனே மீட்டர் வையுங்கள். 4.15 முதல் 4.22 வரை சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜரை இனிப் பயன்படுத்தாதீர்கள்.

ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி வழியுள்ள சார்ஜராக, செல்லுக்கு 1 ஆம்பியருக்கு மிகாமல் கொடுப்பதாக இருக்கட்டும். 3,000 எம்.ஏ.எச். செல்லுக்கு அந்த வேகத்தில் 4 மணி நேரம் வரை ஆகும், அரை ஆம்பியரில் 7 மணி. 3.2 வோல்ட் என்று போட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லை இந்தச் சார்ஜரில் போடக் கூடாது. அதன் உச்சம் 3.65 வோல்ட்தான்.

பூப்பறிக்கும் வீடுகளில் மாலையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்து, நடுச்சாமம் தாண்டி எழுந்து கழற்றுவது வழக்கமாக இருக்கிறது. எல்லோரும் உறங்கும் நேரத்தில் செல் ஏறிக்கொண்டிருக்க வேண்டாம். காலையில் பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, செல் ஆறிய பிறகு, ஆள் விழித்திருக்கும் பகலிலேயே போட்டுவிடுங்கள். சிமெண்ட் தரையில், கூரை, கட்டில், வைக்கோல், மண்ணெண்ணெய் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் சார்ஜ் ஏற்றக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும்.

புதுச் செல்லை முதலில் முழுக்க ஏற்றி, இரண்டு வாரம் சும்மா வைத்து, மறுபடி வோல்ட் பாருங்கள். 4.10-க்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது, கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். பில் வாங்கி வைத்திருப்பது இதற்குத்தான்.

எடுத்துச் செல்வது, வைப்பது

சட்டைப் பையிலோ மடியிலோ தனிச் செல்லைப் போடாதீர்கள். சாவியோ சில்லறையோ குமிழையும் விளிம்பையும் ஒருசேரத் தொட்டால் துணி எரியும், தொடை வேகும். செல்லுக்கென்று பிளாஸ்டிக் டப்பா விற்கிறார்கள், அதில் வையுங்கள். வண்டி சீட்டுக்கு அடியில், வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் விடாதீர்கள். சீசன் முடிந்து மாதக்கணக்கில் வைப்பதானால் 3.6 முதல் 3.8 வோல்ட்டில், லைட்டிலிருந்து கழற்றி, நிழலான இடத்தில் வையுங்கள்.

விடியற்காலைப் பனி செல் பெட்டிக்குள் இறங்கும். பச்சை பூத்த ஸ்பிரிங் சரியாகத் தொடாது, தொடும் புள்ளி சூடேறும், அந்தச் சூடு செல்லுக்கும் போகும். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்து, ரப்பர் வளையம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

செல் உப்பினாலோ, நசுங்கினாலோ, கையில் பிடிக்க முடியாதபடி சுட்டாலோ, இனிப்பாகக் கரைப்பான் வாசம் வந்தாலோ அதோடு முடிந்தது. ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் லைட்டைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு விலகி நில்லுங்கள், புகையைச் சுவாசிக்காதீர்கள். தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் குளிரும். அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம், வெட்டவெளியில் மண்மேல் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். புகை உள்ளே போனாலோ தீக்காயம் பட்டாலோ 108-க்கு அழையுங்கள்.

கெட்ட செல்லைக் குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கிணற்றில் வீசவோ வேண்டாம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. இரு முனைகளிலும் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, அடுத்த முறை செல் வாங்கப் போகும்போது கடையிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.